மாற்றினால் எழுதி வை: கணினி படிக்க வந்தவர்களுக்குச் சில அறிவுரைகள்

கணினி அறிவியல் படிக்கச் சேரும் பிள்ளைகளில் பலருக்கு இரண்டு ஆசைகள் உண்டு. ஒன்று நல்ல வேலை. மற்றொன்றை வெளியே சொல்லக் கூச்சப்படுவார்கள்: இந்தப் பெட்டிக்குள் என்னதான் நடக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். முதல் ஆசைக்கு வழிகாட்ட ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் இரண்டாவது ஆசைக்காரர்களிடம் பேசுகிறேன். ஆய்வகத்திலேயே தலை நரைத்துப்போன ஒரு வாத்தியார் சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

லினக்ஸை நோண்டுவதும் ஆராய்ச்சி செய்வதும் ஒரே பழக்கத்தின் மேல் நிற்பவை. ஒன்றை மாற்ற வேண்டும். என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும். பார்த்ததை எழுதி வைக்க வேண்டும். முதல் இரண்டையும் எல்லாரும் செய்கிறார்கள். மூன்றாவதைச் செய்கிறவர்தான் தேறுகிறார். கீழே வருபவற்றில் பெரும்பாலானவை இதன் விரிவுதான்.

1. அரியர் வைக்காதீர்கள்.

கேம்பஸுக்கு வரும் நிறுவனங்கள் பல, அரியர் உள்ளவரை எழுத்துத் தேர்வுக்கே உட்கார விடுவதில்லை. மேற்படிப்புக்கு விண்ணப்பித்தாலும் மதிப்பெண் பட்டியலைத்தான் முதலில் புரட்டுவார்கள். இரவு முழுக்கக் கெர்னல் கம்பைல் செய்துவிட்டுக் காலையில் கணிதத் தேர்வில் தூங்கி வழிவதில் வீரம் ஒன்றுமில்லை. சில பாடங்களை மட்டும் மதிப்பெண்ணுக்கு மேலேயும் படியுங்கள்: ஆப்பரேட்டிங் சிஸ்டம், கம்ப்யூட்டர் ஆர்க்கிடெக்சர், நெட்வொர்க், டேட்டா ஸ்ட்ரக்சர், நிகழ்தகவு, நேரியல் இயற்கணிதம். நீங்கள் பட்டம் வாங்குவதற்குள் இரண்டு மூன்று கருவிகள் வந்து போயிருக்கும். இவை அப்படியே இருக்கும். மெஷின் லேர்னிங் ஆசையோடு வருகிறவர்கள் மூன்றாமாண்டில் முட்டிக்கொண்டு நிற்பது பெரும்பாலும் கணிதத்தில்தான்.

2. லினக்ஸை உங்கள் சொந்தக் கணினியில் போடுங்கள். அதற்கு முன் கோப்புகளை நகலெடுங்கள்.

ஆய்வகக் கணினியில் வாரம் மூன்று மணி நேரம் தட்டினால் கை பழகாது. முதலில் விண்டோஸுக்குள்ளேயே விர்ச்சுவல் மெஷினில் போட்டுப் பாருங்கள். உடைந்தால் அழித்துவிட்டு மறுபடி போடலாம். பயம் தெளிந்த பிறகு டூயல் பூட். 4 ஜிபி நினைவகம் உள்ள பழைய லேப்டாப்பும் போதும். எக்ஸ்எஃப்சிஇ போன்ற இலகுவான டெஸ்க்டாப்பைத் தேர்ந்தெடுங்கள்.

விண்டோஸோடு சேர்த்து நிறுவுகிறவர்கள் இரண்டு காரியங்களை மறக்கக் கூடாது. பிட்லாக்கர் இயங்கிக்கொண்டிருந்தால், அதன் 48 இலக்க மீட்பு எண்ணை முதலில் எடுத்து வேறிடத்தில் வையுங்கள். செக்யூர் பூட் அமைப்பைத் தொட்டதும் அந்த எண்ணைக் கேட்டுக் கணினி அடம்பிடிக்கலாம். அடுத்து, விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் லினக்ஸிலிருந்து விண்டோஸ் பகுதியில் எழுத முடியாமல் போகும்.

எல்லாம் முடிந்து விண்டோஸுக்குத் திரும்பினால், கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் நிற்கும். பதற வேண்டாம். போர்டில் உள்ள கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொது நேரத்தை வைக்கிறது. விண்டோஸ் அதையே உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்கிறது. இந்திய நேரத்துக்கும் பொது நேரத்துக்கும் இடைவெளி ஐந்தரை மணி. பிழையின் அளவே காரணத்தைச் சொல்லிவிடும் இடங்கள் இப்படி நிறைய உண்டு. “நேரம் தப்பாக இருக்கிறது” என்கிறவருக்கும் “சரியாக 5.30 மணி நேரம் பின்தங்கியிருக்கிறது” என்கிறவருக்கும் உள்ள தூரம்தான் நீங்கள் நாலாண்டில் கடக்க வேண்டிய தூரம்.

3. எந்த டிஸ்ட்ரோ உசத்தி என்ற சண்டைக்குப் போகாதீர்கள்.

டெபியன், உபுண்டு, மின்ட், ஃபெடோரா, ஆர்ச் என்று விடுதி அறைக்கு ஒரு கட்சி இருக்கும். டெபியனை 1993-இல் தொடங்கிய இயன் மர்டாக், அப்போது அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழக மாணவர். உபுண்டு டெபியனிலிருந்து வந்தது. மின்ட் உபுண்டுவிலிருந்து வந்தது. நம் சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியனின் பிள்ளைதான். அடியில் ஓடும் கெர்னல் எல்லாவற்றிலும் லினக்ஸ்தான். ஒன்றை எடுத்து ஒரு வருடம் அதிலேயே இருங்கள். மாதம் ஒன்று மாற்றுகிறவருக்கு நிறுவும் திரை மட்டும் நன்றாகத் தெரியும்.

4. பிழைச் செய்தியை முழுதாகப் படியுங்கள்.

சிவப்பு எழுத்தைக் கண்டதும் ஜன்னலை மூடுகிற பழக்கம் முதலாண்டிலேயே போக வேண்டும். கம்பைலர் நாற்பது பிழை காட்டினால் முதல் பிழையைத் திருத்துங்கள். மீதியில் பாதி அதன் எதிரொலியாக இருக்கும். வைஃபை வரவில்லையா? கெர்னல் செய்திகளையும் சிஸ்டம் லாகையும் திறந்து பாருங்கள். எந்த ஃபர்ம்வேர் கோப்பு கிடைக்கவில்லை என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கும்.

இணையத்திலிருந்தோ ஏஐ கருவியிடமிருந்தோ ஒரு கட்டளை கிடைத்தால், அதை ஓட்டும் முன் அதன் கையேடான மேன் பக்கத்தைத் திறந்து ஒவ்வொரு ஆப்ஷனுக்கும் பொருள் பாருங்கள். முன்னால் சுடோ (நிர்வாகி அதிகாரத்தோடு ஓட்டு என்று பொருள்) இருந்தால் இருமுறை பாருங்கள். ஏஐயிடம் “இந்தப் பிழையைச் சரிசெய்” என்று கேட்பதைவிட “இந்தப் பிழை எதனால் வரலாம், அதை எப்படி உறுதி செய்வது” என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு வரும் பதில் இன்றைய வேலையை முடிக்கும். இரண்டாவதற்கு வருவது அடுத்த முறைக்கும் உதவும். அது தவறாக இருந்தாலும் நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

5. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதை எழுதுங்கள்.

இந்தப் பட்டியலில் ஒன்றைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். ஒலி வேலை செய்யவில்லை என்று டிரைவரை மாற்றி, கெர்னலை உயர்த்தி, இரண்டு கான்ஃபிக் கோப்புகளைத் திருத்தி, கடைசியில் ஒலி வந்தால் நீங்கள் கற்றது பூஜ்யம். எது சரிசெய்தது என்று தெரியாது. எது அடுத்த வாரம் வேறொன்றைக் கெடுக்கப்போகிறது என்றும் தெரியாது.

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். தேதி, என்ன பிரச்சினை, எதை மாற்றினேன், என்ன எதிர்பார்த்தேன், என்ன நடந்தது. “என்ன எதிர்பார்த்தேன்” என்ற பத்தியை விட்டுவிடாதீர்கள். எதிர்பார்ப்பை முன்னாலேயே எழுதியிருந்தால்தான், நடந்தது ஆச்சரியமா இல்லையா என்று பின்னால் நேர்மையாகச் சொல்ல முடியும். சமையல்காரரின் கைப்பக்குவம் நோட்டில் ஏறாவிட்டால் அவரோடு போய்விடுவதுபோல, எழுதாத சோதனையும் அந்த இரவோடு போய்விடும்.

கான்ஃபிக் கோப்புகளையும் சொந்த நிரலையும் கிட்டில் வையுங்கள். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் லினக்ஸ் கெர்னல் வேலைக்காக எழுதிய கருவி அது. அதில் பைசெக்ட் என்றொரு வசதி உண்டு. நேற்று ஓடியது இன்று ஓடவில்லை, நடுவில் 1,000 மாற்றங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதி பாதியாகப் பிரித்துச் சோதித்தால் சுமார் 10 சோதனையில் குற்றவாளியைப் பிடித்துவிடலாம். வகுப்பில் பைனரி சர்ச் எதற்கு என்று கேட்டீர்களே, இதற்கும்தான். ஆனால் ஒவ்வொரு மாற்றமும் சிறிதாக, தனியாகப் பதிவாகியிருந்தால் மட்டுமே இந்த வித்தை பலிக்கும்.

6. எழுதுவதைவிட அதிகமாகப் படியுங்கள்.

பிறர் எழுதிய நிரலைத்தான் சொல்கிறேன். சிட்னியில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் லயன்ஸ் என்றொரு ஆசிரியர் இருந்தார். 1970-களின் நடுவில், யூனிக்ஸ் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் ஆறாம் பதிப்பின் மூல நிரலை அச்சிட்டு, அதற்கு உரை எழுதி மாணவர்களுக்குப் பாடமாக்கினார். அந்த நிரல் 10,000 வரிகளுக்கும் குறைவு. அடுத்த பதிப்பின் உரிமம், மூல நிரலை வகுப்பில் கற்பிக்கத் தடைபோட்டது. லயன்ஸின் உரை நகலுக்கு மேல் நகலாகப் பல நாட்டு மாணவர்களிடம் சுற்றியது; முறையாகப் புத்தகக் கடைக்கு வந்தது 1996-இல்தான்.

அந்தத் தடையால் வகுப்புக்கு நிரல் இல்லாமல் போகவே, ஆம்ஸ்டர்டாமில் ஆண்ட்ரூ டேனன்பாம் மாணவர்களுக்கென்றே மினிக்ஸ் என்ற ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை எழுதி 1987-இல் வெளியிட்டார். அதையும் அதன் பாடநூலையும் படித்த ஹெல்சிங்கி மாணவர் ஒருவர், பல்கலைக்கழகக் கணினியோடு வீட்டிலிருந்து இணைய ஒரு டெர்மினல் நிரல் எழுதத் தொடங்கினார். அது வளர்ந்து வளர்ந்து ஓர் ஆப்பரேட்டிங் சிஸ்டமாக மாறியது. 1991 ஆகஸ்ட் 25-ஆம் தேதி அதைப் பற்றி வெளியே சொன்னபோது டோர்வால்ட்ஸுக்கு வயது 21. அடுத்த மாதம் வந்த லினக்ஸின் முதல் பதிப்பு சுமார் 10,000 வரிகள்தான். அவருடைய மூளையைப் புகழ இதைச் சொல்லவில்லை. எழுதுவதற்கு முன் அவருக்கு முழுதாகப் படிக்க ஒரு சிஸ்டம் கிடைத்தது; தொடங்கியது தன் சொந்தத் தேவையிலிருந்து. அந்த இரண்டும் உங்களுக்கும் வாய்க்கும்.

இன்றைய லினக்ஸ் கெர்னல் பல மில்லியன் வரிகள். நேரே அதில் குதித்தால் மூச்சு முட்டும். எம்ஐடி பாடத்துக்காக எழுதிய எக்ஸ்வி6 என்ற குட்டி ஆப்பரேட்டிங் சிஸ்டம் சில ஆயிரம் வரிகள்தான், இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு செமஸ்டர் விடுமுறையில் படித்து முடிக்கலாம். ஒரு சிஸ்டம் கால் சேர்த்துப் பாருங்கள்; புத்தகத்தில் படித்த பாதி அத்தியாயம் அன்று புரியும்.

7. ஆய்வுக் கட்டுரையை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிக்காதீர்கள்.

எஸ். கேசவ் 2007-இல் எழுதிய சிறு கட்டுரை ஒன்று மூன்று சுற்று முறையைச் சொல்கிறது. முதல் சுற்றுக்கு 5 முதல் 10 நிமிடம்: தலைப்பு, சுருக்கம், முன்னுரை, உட்தலைப்புகள், முடிவுரை. பெரும்பாலான கட்டுரைகளை இதோடு விட்டுவிடலாம். இரண்டாவது சுற்றில் படங்களையும் வரைபடங்களையும் கவனித்துப் படிப்பது. ஒரு மணி நேரம் ஆகும். மூன்றாவது சுற்றில், அந்த ஆய்வை நாமே செய்திருந்தால் எப்படிச் செய்திருப்போம் என்று மனத்தில் மறுபடி கட்டுவது. புதியவர்களுக்கு நான்கைந்து மணி நேரம் பிடிக்கும். உங்கள் வேலைக்கு அடித்தளமான இரண்டு மூன்று கட்டுரைகளுக்கு மட்டும் அந்த உழைப்பைக் கொடுங்கள்.

ஆங்கிலம் தடுக்கிறதென்றால், படித்ததை அறைத் தோழருக்குத் தமிழில் விளக்குங்கள். எங்கே திக்குகிறதோ அங்கேதான் உங்களுக்குப் புரியவில்லை. தடை ஆங்கிலம்தானா, விஷயமா என்பதும் அப்போது தெரிந்துவிடும்.

8. ஒரே ஒருமுறை அளந்து முடிவு சொல்லாதீர்கள்.

“என் அல்காரிதம் 8 சதவீதம் வேகம்” என்று வைவாவில் சொல்லும் முன் சிலவற்றைச் சரிபாருங்கள். ஒரு கோப்பை இரண்டாம் முறை படிக்கும்போது அது பெரும்பாலும் வட்டிலிருந்து வருவதில்லை. லினக்ஸ் அதை நினைவகத்தில் வைத்திருக்கும். லேப்டாப் சார்ஜரில் இருந்ததா, பேட்டரியில் இருந்ததா என்பதைப் பொறுத்துப் பிராசஸரின் வேகம் மாறும். சூடேறினாலும் குறையும். பின்னால் பிரவுசர் திறந்திருந்தால் அதுவும் கணக்கில் வரும்.

2009-இல் மைட்கோவிச்சும் உடன் மூவரும் எழுதிய ஆய்வுக் கட்டுரை இன்னும் ஒருபடி போகிறது. யூனிக்ஸில் என்விரான்மென்ட் வேரியபிள்கள் எடுக்கும் இடத்தின் அளவு மாறினாலே, நிரலைத் துளியும் தொடாமல், அதன் ஓட்ட நேரம் மாறுகிறது என்று காட்டினார்கள். அந்த அளவு மாறும்போது நினைவகத்தில் ஸ்டாக் தொடங்கும் இடம் நகர்கிறது, அதுதான் காரணம். பயனர் பெயரும் அந்த வேரியபிள்களில் ஒன்றில் இருக்கிறது. அப்படியென்றால், நீளமான பெயருள்ள தோழர் ஓட்டும்போது அதே நிரல் வேறு நேரம் காட்டலாம்!

ஆகவே பலமுறை ஓட்டுங்கள். சராசரியோடு பரவலையும் கொடுங்கள். கெர்னல் பதிப்பு, கம்பைலர் பதிப்பு, ஆப்ஷன்கள் எல்லாம் நோட்டில் இருக்கட்டும். உங்கள் 8 சதவீதம் இரைச்சலுக்குள் அடங்கிவிடுமானால் அதையும் ஒளிக்காமல் எழுதுங்கள்.

9. ப்ராஜெக்ட்டை விலைக்கு வாங்காதீர்கள்.

கல்லூரி இருக்கும் ஊரிலெல்லாம் ப்ராஜெக்ட் சென்டர் இருக்கிறது. தலைப்பு, நிரல், ரிப்போர்ட், வைவாவுக்குக் கேள்வி பதில் எல்லாம் ஒரே பையில். வாங்கினால் மதிப்பெண் வரலாம். நேர்முகத்தில் “இந்த வரி எதற்கு” என்று ஒருவர் கேட்டால் பதில் வராது.

சிறியதாக, உங்களுடையதாக ஒன்றை எடுங்கள். ரிச்சர்ட் ஹாமிங் 1986-இல் ஆராய்ச்சி பற்றி ஆற்றிய உரையில், விளைவு பெரிது என்பதால் மட்டும் ஒரு கேள்வி முக்கியமாகிவிடாது, அதைத் தாக்க ஒரு வழி கையில் இருக்க வேண்டும் என்ற கருத்தைச் சொன்னார். காலப்பயணம் பெரிய கேள்விதான், வழி இல்லையே.

வழியுள்ள கேள்விகள் தமிழிலேயே கொட்டிக் கிடக்கின்றன. ‘தமிழ்’ என்று டைப் செய்து கணினியிடம் எண்ணச் சொல்லுங்கள். நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் ஐந்து குறியீடு. யுடிஎஃப்-8 முறையில் 15 பைட். ஒரு படிவத்தில் “பெயர் 20 எழுத்துக்குள்” என்று போட்டால் எதை எண்ணுவது? அகரவரிசையைப் பாருங்கள். யூனிகோடில் ன, ந-வுக்கு அடுத்து, ப-வுக்கு முன்னால் இருக்கிறது. நம் நெடுங்கணக்கில் அது கடைசி மெய். வெறும் குறியீட்டு எண்ணை வைத்து வரிசைப்படுத்தும் மென்பொருள் தமிழ் அகராதியைக் கலைத்துப்போடும். எந்தெந்த நிரல்கள் இதைச் சரியாகச் செய்கின்றன, எவை தவறுகின்றன, ஏன் என்று சோதித்துத் திருத்தம் அனுப்பினால், சென்டரில் கிடைக்கும் எந்தத் தலைப்பையும்விட அது நல்ல இறுதியாண்டு வேலை.

10. பணம் கட்டினால் போடும் இதழ்களுக்குப் போகாதீர்கள்.

அனுப்பிய மூன்றாம் நாளே ஏற்பு, கட்டுரையைப் படித்தவரின் குறிப்பு ஒன்றுகூட இல்லை, உடனே கட்டண விவரம்: இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் அது இதழ் இல்லை, கடை. அதில் வந்த கட்டுரை பின்னாளில் உங்கள் விண்ணப்பத்துக்குப் பாரமாகத்தான் இருக்கும். நல்ல மாநாட்டில் நிராகரிக்கப்பட்டு, கூடவே மூன்று பேர் எழுதிய குறை கிடைத்தால் அது மேல். பிறர் வாக்கியத்தை மேற்கோள் காட்டாமல் எடுப்பதும், தான் ஓட்டாத சோதனைக்கு எண் எழுதுவதும் பற்றி நான் விளக்கத் தேவையில்லை.

11. பேராசிரியருக்கு எழுதும்போது சுருக்கமாக எழுதுங்கள்.

“மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் மேலான வழிகாட்டுதலில்” என்று தொடங்கி நூறு பேருக்கு ஒரே மடலை அனுப்பாதீர்கள். அவருடைய கட்டுரை ஒன்றைப் படித்தேன், அதில் இந்த வரைபடத்தைத் திரும்ப உருவாக்கிப் பார்த்தேன், இங்கே வேறு விடை வந்தது என்று ஐந்து வரி எழுதுங்கள். பதில் வரும் வாய்ப்பு அதற்குத்தான் அதிகம். நாட்டின் மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து நடத்தும் கோடைகால ஆய்வுத் திட்டமும், சென்னை ஐஐடியின் கோடைகால ஃபெல்லோஷிப்பும் வெளிக்கல்லூரி மாணவர்களுக்கும் இடம் தருகின்றன. சிறிய ஊர்க் கல்லூரி என்று தயங்காமல் விண்ணப்பியுங்கள்.

கைடு கிடைத்துவிட்டால் வாரம் ஒரு பக்கம் கொடுங்கள்: செய்தது, வந்தது, அடுத்து செய்யப்போவது. ஒன்றும் நகராத வாரத்திலும் கொடுங்கள்.

12. ஆட்களோடு சேருங்கள்.

சென்னையில் ஐலக்சி, காஞ்சிபுரத்தில் காஞ்சிலக், விழுப்புரத்தில் விஜிலக் என்று லினக்ஸ் பயனர் குழுக்கள் வளர்ந்திருக்கின்றன. கணியம் 2012 முதல் தமிழிலேயே கட்டற்ற மென்பொருள் கட்டுரைகளையும் மின்னூல்களையும் தந்து வருகிறது. கேள்வி கேட்கும்போது மூன்றைச் சேர்த்துக் கேளுங்கள்: எதைச் செய்ய முயன்றேன், என்ன செய்தி வந்தது, இதுவரை எதையெல்லாம் சோதித்தேன். ஸ்கிரீனைக் கோணலாகப் படம் பிடித்து “அண்ணா, வரல” என்று அனுப்பினால் எந்த அண்ணாவாலும் உதவ முடியாது.

பங்களிப்பு என்றால் கெர்னல் பேட்ச் என்று நினைத்து மலைக்க வேண்டாம். ஆவணத்தில் ஒரு தவறான கட்டளையைத் திருத்துவதும், மறுபடி நிகழ்த்திக் காட்டக்கூடிய வகையில் ஒரு பிழையறிக்கை எழுதுவதும் பங்களிப்புதான்.

13. அனுமதியில்லாத கணினியில் கை வைக்காதீர்கள்.

போர்ட் ஸ்கேன் கற்ற உற்சாகத்தில் கல்லூரி சர்வரைத் தட்டிப் பார்க்கும் ஆசை வரும். தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன் 43, 66 பிரிவுகளின்படி, அனுமதியின்றிக் கெட்ட நோக்கத்தோடு நுழைந்தால் மூன்றாண்டு வரை சிறையோ 5 லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம். விளையாட்டுக்குச் செய்தேன் என்பதை விசாரணையில் நிரூபிக்கும் நிலைக்கு ஏன் போக வேண்டும்? இரண்டு விர்ச்சுவல் மெஷினை ஓட்டி ஒன்றிலிருந்து மற்றொன்றைத் தாக்குங்கள். கற்க வேண்டியதெல்லாம் அதிலேயே இருக்கிறது.

14. தூங்குங்கள்.

இரவு இரண்டு மணிக்குப் பிடிபடாத பிழை காலை எட்டு மணிக்குப் பல் தேய்க்கும்போது பிடிபடும். சுடோ கட்டளைகளை இரண்டு மணிக்கு மேல் தட்டவே தட்டாதீர்கள்.

15. இந்த வாரமே தொடங்குங்கள்.

ஒரு விர்ச்சுவல் மெஷினில் லினக்ஸ் போடுங்கள். உங்கள் பெயரைத் தமிழில் ஒரு கோப்பில் எழுதி, டபிள்யூசி கட்டளையால் அதன் பைட்களையும் குறியீடுகளையும் எண்ணுங்கள். என்ன எண்ணிக்கை வரும் என்பதை முன்கூட்டியே நோட்டில் எழுதுங்கள். அநேகமாக ஒன்று அதிகமாக வரும். ஏன் என்று மேன் பக்கத்தையும் கோப்பின் கடைசி பைட்டையும் பார்த்துக் கண்டுபிடியுங்கள். கண்டுபிடித்ததையும் அதே பக்கத்தில் எழுதுங்கள். பிறகு என்னிடம் எந்தச் சந்தேகத்தோடும் வரலாம். வரும்போது நோட்டு கையில் இருக்கட்டும். நான் முதலில் கேட்பது அதைத்தான்.